பால் வழிந்த பதினொரு மரங்கள்

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது மலைச்சரிவில் நிற்க எல்லாருக்கும் பயம் இருக்கும். அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்து, ரப்பர் இலையெல்லாம் பளபளவென்று நிற்கிற காலை இருக்கிறதே, அன்றைக்குத்தான் உங்களுக்குப் பயம் வர வேண்டும். வராது. அன்று மனசு லேசாக இருக்கும், வேலை குவிந்து கிடக்கும், மானேஜர் அவசரப்படுத்துவார். எனக்கும் அப்படி ஒரு காலையில் பயம் வரவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மரம் எப்படி நடுவது, கத்தியை எப்படிப் பிடிப்பது, பாலை எப்படி உறைய வைப்பது என்பதெல்லாம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதில் நான் கைவைக்கவில்லை. ஒரு சரிவு நிற்குமா இறங்குமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் நம் புத்தி எங்கெங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீங்களாவது படாமல் தெரிந்துகொள்ளுங்கள்.

என் ஊர் பூதப்பாண்டிப் பக்கம். வயல்காரக் குடும்பம். வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்று சண்டை போட்ட வம்சம். ஒரு மடைத் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த ஒரே தகுதியில், தடிக்காரன்கோணத்துக்கு மேலே ஒரு மலைத்தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மானேஜர் கோட்டயத்துக்காரர். எனக்கு வயசு இருபத்துநாலு. மலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு மட்டும் இருந்தது.

சேர்ந்த மாசத்திலேயே ஒரு கூத்து நடந்தது. ஒருநாள் காலை மூன்றாம் நம்பர் தோட்டத்தில் வழியெல்லாம் புதுமண் சரிந்து கிடந்தது. மலை இறங்குகிறது என்று நானே முடிவுகட்டி, கூப்பாடு போட்டு, வேலையில் நின்ற அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டேன். கங்காணி மேலே போய்ப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். காட்டுப்பன்றிக் கூட்டம் கிழங்கு தோண்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அங்கே வேலைக்கு வந்தவர்கள் பாதிப்பேர் மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர்கள். சார் என்பதைச் சாறு என்பார்கள். அன்று முதல் எனக்குப் ‘பன்னி சாறு’ என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் நான் ஒரு படி ஏறினால் இரண்டு படி கீழே யாராவது பன்றி மாதிரி உறுமுவார்கள். நல்ல தமாஷ்தான், எனக்குத்தான் ரசிக்கவில்லை.

இனி ஆறாம் நம்பர். அதுதான் இருப்பதில் செங்குத்தான சரிவு. படிபடியாக வெட்டி, படிக்கு ஒரு வரிசையாக மரம் வைத்திருந்தார்கள். சரிவின் அடியில் தொழிலாளர் லயம், ஓடு போட்ட பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில். லயத்துக்குப் பின்னால் ஒரு ஊற்று. அதுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர். சரிவின் தலைமாட்டில், எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ குறுக்காக ஒரு ஓடை வெட்டியிருந்தார்கள். மேல்காட்டிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீரை அந்த ஓடை வழிமறித்து, பக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

வேனலில் ஆறாம் நம்பர் மரங்கள் வாடும், பால் குறையும். மழைக்காலத்திலோ அந்த ஓடைத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இப்படியா தண்ணீரை அழிப்பார்கள், நம்ம ஊரில் இப்படி விட்டால் செருப்பால் அடிப்பார்களே என்று தோன்றியது. மானேஜரிடம் சொல்லி, அந்த ஓடையை ஐந்து இடத்தில் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன். ஒவ்வொரு படியிலும் குழிகள் வெட்டி, தண்ணீரை அவற்றுக்குத் திருப்பி, மண்ணுக்குள் இறக்கினேன். பெண்கள் பத்து நாள் மண் சுமந்தார்கள். வயலில் மடை அடைக்கிற வேலையை மலையில் செய்துமுடித்தேன். மானேஜர் வந்து பார்த்து முதுகில் தட்டினார்.

அடுத்த வேனலில் மரம் வாடவில்லை. பங்குனியில் வற்றுகிற ஊற்று அந்த வருஷம் வற்றவே இல்லை. பெண்கள் குடத்தை நிறைத்துக்கொண்டே, “இது நம்ம சாறு கொண்டு வந்த வெள்ளமாக்கும்” என்பார்கள். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். பன்றி உறுமலும் கொஞ்சம் அடங்கியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தப்புச் செய்தால் உடனே அடி விழும் என்று எண்ணாதீர்கள். சில தப்புகள் ஒரு வருஷம் பூராவும் நமக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் தோட்டத்து ஆபீஸ் கிளார்க். சுசீந்திரத்துப் பக்கம் ஊர். பட்டாளத்தில் இருந்து காஷ்மீர்வரை போய்விட்டு வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயசு மூப்பு. சாயங்காலம் சாயா குடிக்கிற நேரத்தில் அவருக்குப் பனிமலைக் கதை சொல்லியாக வேண்டும். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு மலையில் சறுக்கிப் போவார்கள் என்று அவர் சொன்னபோது, மனுஷன் நல்லாப் புளுகுகிறார் என்றே நினைத்தேன்.

“நம்ம மலையெல்லாம் ஒரு மலையா வே?” என்பார். “அங்க பூராவும் பனியாக்கும். ஒருநாள் விழுந்த பனிக்கு மேல அடுத்த நாள் பனி, அதுக்கு மேல வேற ஒண்ணு. அடுக்கு அடுக்கா இருக்கும். நடுவுல ஒரு அடுக்குக்குப் பிடி இல்லேன்னு வையும், மேல உள்ளது மொத்தமும் வழுக்கிட்டு வந்துரும். ஆளைத் தேடி எடுக்க முடியாது.”

“அப்ப எப்படித்தான் போனியோ?”

“குழி தோண்டிப் பாப்போம். அடுக்கு அடுக்கா விரலை வச்சு அமுக்கிப் பாக்கணும். எது கெட்டி, எது கொழகொழன்னு தெரிஞ்சிரும். சந்தேகம்னா சுத்திப் போவோம். சுத்த வழியில்லேன்னா ஒவ்வொருத்தரா. ஒருத்தன் அந்தப் பக்கம் ஏறின பிறகுதான் அடுத்தவன் காலு வைக்கணும். பனி கொட்டுகப்ப எல்லாவனும் பயந்து பொத்திக்கிட்டுக் கெடப்பான். கொட்டி முடிஞ்சு வெயிலு வந்ததும் துள்ளிக்கிட்டுக் கெளம்புவான் பாரும், அவனைத்தான் மலை கொண்டுபோகும்.”

நான் ‘உம்’ கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவப் போய்விடுவேன். பனி எங்கே, நாம் எங்கே என்று நினைப்பு.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. பால்வெட்டு கிடையாது. மூன்றாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஆறாம் நம்பரைச் சுற்றி வந்தேன். ஒரு இடத்திலும் மண் அரிக்கவில்லை. பெய்த தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வராமல் உள்ளே போயிருந்தது. பெருமையாக இருந்தது. ‘சேதம் ஒன்றும் இல்லை’ என்று டைரியில் எழுதினேன். உள்ளே போன தண்ணீர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யோசிக்கவில்லை. வயலில் உள்ளே போகிற தண்ணீர் பயிருக்குப் போகும். மலையில் நாலைந்து அடிக்குக் கீழே பாறை. அது அந்தப் பாறைமேல்தான் போய் நிற்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை வெயில் வந்தது. நாலு நாள் வேலை இல்லாமல் கிடந்தவர்கள் விடியுமுன்னே பிரட்டுக்கு வந்து நின்றார்கள். காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு அங்கே பிரட்டு என்று பெயர். எல்லா நம்பரிலும் வெட்டு நடக்கணும் என்று மானேஜர் உத்தரவு. ஆறாம் நம்பருக்கு முப்பது பேரை அனுப்பினேன்.

எட்டு மணி இருக்கும். ஞானப்பூ என்ற பால்வெட்டுக்காரி படியேறி என்னைத் தேடி வந்தாள். புதுக்கடைப் பக்கம் ஊர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். ஆனால் நான் சூப்பர்வைசர் இல்லையா, பெயர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவேன். அவள் புருஷன் குளிர்காய்ச்சலில் லயத்தில் கிடந்தார்.

“சாறே, எனக்க வரிசையில பாலு சிரட்டைக்கு வரல்ல. வெட்டுக்கோட்டை விட்டு நடுவிலயே வழிஞ்சு மண்ணுல போவுது.” பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே பால் இறங்கி, கீழே கட்டிய சிரட்டையில், அதாவது கொட்டாங்கச்சியில், சொட்ட வேண்டும்.

“பட்டை ஈரமா இருக்கும். இல்லேன்னா நீ வெட்டு கோணிருப்பே. கத்தியை ஒழுங்காப் புடிச்சியா?”

பதினாறு வருஷமாகக் கத்தி பிடித்தவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பதினாறு கொல்லமா வெட்டுதேன். ஈரம்னா எல்லா மரத்திலயும்லா வழியணும்? எனக்க முந்நூறு மரத்தில அந்த ஒரு வரிசையில பதினொண்ணு மட்டும் வழியுது. பதினொண்ணும் ஒரே பக்கமா வழியுது. வெட்டு கோணல்ல சாறே, மரமாக்கும் சரிஞ்சது. வந்து பாத்திட்டுப் பேசுங்க.”

போனேன். என் கண்ணுக்கு மரம் மரமாகத்தான் நின்றது. அவள் தூக்குவாளியில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, பால்வெட்டுக் கத்தியை அதன் நுனியில் கட்டி, மரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டாள். மேலே பட்டையை ஒட்டியிருந்த நூல் அடியில் நாலு விரல் தள்ளி நின்றது. அடுத்த மரத்திலும் நாலு விரல். அதற்கடுத்த மரத்திலும் அப்படியே. “மழைக்கு முந்தி வெட்டும்போ நேரே நின்ன மரங்களாக்கும்” என்றாள்.

மேல்படியில் ஏறிச் சருகை விலக்கினேன். மண்ணில் நீளமாக ஒரு விரிசல். மணிக்கட்டுவரை கை போயிற்று. பக்கத்தில் நான் வெட்டிய தண்ணீர்க்குழி ஒன்று இருந்தது. அதற்குள் இறங்கி, பட்டாளத்துக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, குழிச்சுவரை மேலிருந்து கீழாக விரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். மேல்மண் கெட்டி. அதற்கடுத்ததும் கெட்டி. முழங்காலுக்குக் கீழே விரல் உளுந்தமாவுக்குள் போவதுபோல் உள்ளே போனது. கையில் இருந்த இரும்புப்பூண் கம்பை ஊன்றினேன். அது பாறையில் போய் டக்கென்று நின்றது. எடுத்தபோது அந்தத் துளையில் தண்ணீர் பொங்கி வந்தது.

“ஞானப்பூ, ஊத்துல தண்ணி எப்படி இருந்துது இன்னைக்கு?”

“காலத்தே கலங்கி வந்துது. பொறகு நின்னு போச்சு. பிள்ளையள் சேறாக்கிப் போட்டினும்னு நெனச்சேன்.”

நான் கொண்டுவந்த ஊற்று நின்றுவிட்டது. வெளியே வரவேண்டிய தண்ணீர் உள்ளேயே கட்டிக்கொண்டு நிற்கிறது என்று இதற்கு அர்த்தம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் என் மூளை என்ன செய்தது தெரியுமா? வேறு காரணம் தேடியது. மரம் காற்றில் சாய்ந்திருக்கலாம். விரிசல் பழசாக இருக்கலாம். ஊற்றில் இலை அடைத்திருக்கலாம். கண்ணுக்கு முன்னால் நாலு அடையாளம் நிற்கிறது, நாலும் அந்த அடைத்த ஓடையைக் காட்டுகிறது. அதனால்தான் எனக்குப் பார்க்க மனசில்லை. கூடவே காதுக்குள் அந்தப் பன்றி உறுமல் வேறு. இன்னொரு தடவை கூப்பாடு போட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் இந்த மலையில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? கீழே பன்னிரண்டு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். சரிவில் முப்பது பேர் நிற்கிறார்கள். நான் என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு குழிக்குள் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“சாறே, எனக்க ஆளு கீழ கெடக்காரு” என்றாள் ஞானப்பூ. அந்தக் குரலில்தான் எனக்கு உயிர் வந்தது.

என் இடுப்பில் ஒரு பித்தளைக் கொம்பு தொங்கும். பால் எடுக்கிற நேரத்துக்கு அதை ஊதுவேன். சட்டென்று அதை எடுத்து வாயில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பெண்தொழிலாளி சூப்பர்வைசர் கையைப் பிடிப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம்.

“ஊதாதிங்க! ஊதினா பாலெடுப்புனு நெனச்சு, அத்தனை பேரும் வாளியைத் தூக்கிட்டு நடுவழியில ஒண்ணா எறங்குவினும்.”

உண்மைதான். கொம்பு கேட்டதும் எல்லாரும் பாலைச் சேர்த்துக்கொண்டு சரிவின் நட்டநடு வழியாக வரிசைகட்டி இறங்குவார்கள். தினமும் பழகின வழக்கம். அந்த விரிசலுக்கு நேர் கீழேதான் அந்த வழி. முப்பது பேரையும் நிறைவாளியோடு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். உங்கள் தோட்டத்தில் ஆபத்துக்கு ஊதுகிற சங்கும் வேலைக்கு ஊதுகிற சங்கும் ஒன்றாக இருந்தால், இன்றைக்கே மாற்றுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வாயால் சொல்லியனுப்பினோம். மேல்படிகளுக்கு நான், கீழ்படிகளுக்கு அவள். “வாளியை வச்சிட்டுக் கெழக்கால பாறைமேட்டுக்குப் போங்க. கீழ எறங்காண்டாம். படியோட படியா ஒவ்வொருத்தரா. ஓடாண்டாம்.” நாலு நாளைக்குப் பிறகு கிடைத்த பாலைப் போட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? முறைத்தார்கள், முணுமுணுத்தார்கள். ஞானப்பூ முதலில் தன் வாளியைக் கவிழ்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். ஒருத்தர் பாறையில் கால் வைத்ததும் அடுத்தவருக்குக் கை காட்டினேன். முப்பது பேர் கடக்க ஆன நேரம் எனக்கு ஒரு யுகம்.

பாறைமேட்டிலிருந்து லயத்துக்குச் சுற்றுவழி உண்டு. ஞானப்பூ அதில் ஓடிப்போய், ஆபீஸிலிருந்த பட்டாளத்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. “ஊத்து நின்னுட்டா?” என்று மட்டும் கேட்டாராம். வீடு வீடாகக் கதவைத் தட்டி, சட்டிபானையை எடுக்கவிடாமல், கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி, ஒருமணி நேரத்தில் லயத்தைக் காலி செய்து பாறைமேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவள் புருஷனைத் தோளில் போட்டுச் சுமந்து வந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு கதையையும் நான் புளுகு என்று நினைத்ததில்லை.

பத்தரைக்கு மானேஜர் வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“எடோ, நாலு நாள் பால் போச்சு. இன்னைக்கும் போகணுமா? யார் சொல்லி வேலையை நிறுத்தினே?”

அடையாளங்களைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் நின்ற மலை இன்றைக்கு ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“சார், இத்தனை வருஷமும் மேலே ஓடை திறந்து கெடந்துது. போன வருஷம் நான் அடைச்சேன். மழைத்தண்ணி பூராவும் உள்ள போயிருக்கு.”

ஓடை இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “அப்ப நாலு ஆளைக் கூட்டிட்டுப் போய் அதைத் திறந்துவிடு” என்றார். நேற்றுவரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். “உள்ள போனது உள்ளதான் சார் இருக்கு. இப்பத் திறந்து என்னத்துக்கு? மேல போகிற நாலு பேரும் மண்ணோட சேந்து வருவாங்க” என்றேன். அவருக்குப் பதில் சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை. 

பாறைமேட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். வெயில் ஜோராக அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பிள்ளைகள் பசியில் அழுதன. கீழே அடுப்பில் வைத்த கஞ்சி கரிந்திருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிரட்டைகளில் பால் உறைந்துகொண்டிருந்தது. கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லாருக்கும் கேட்க, “சாறே, பன்னி வந்திருக்குமோ?” என்றார். பயத்தில் இருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. மானேஜர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மலை விழுந்து தொலைந்தால் நல்லது என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது. இத்தனை பேர் குடியிருக்கிற வீடு அடியில் இருக்கிறது, நான் என் பேர் பிழைத்தால் போதும் என்று நினைத்தேன். மனுஷ புத்தி அப்படி.

ஒரு மணிக்கு மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “மதி, போதும். ஆம்பிளைகள் மட்டும் போய் உள்ள பாலை எடுத்துட்டு வாங்க” என்றார். ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். பாறையிலிருந்து படிக்கு இறங்குகிற இடம் ஒரு ஆள் அகலம்தான். நான் அதில் போய் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. “என்னைத் தாண்டிப் போங்க” என்றேன். கங்காணி, “எழும்பும் சாறே, வெளையாடாதியும்” என்றார். ஞானப்பூ எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஆணைத் தாண்டலாம், பெண்பிள்ளையைத் தாண்ட முடியாது. அவர்கள் அப்படியே நின்றார்கள்.

அப்புறம் எவ்வளவு நேரம் ஆயிற்றோ. முதலில் பறவைகள் கிளம்பின. நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், ஆனால் சத்தம் பிறகுதான் வந்தது. ஆறாம் நம்பரின் நடுவில் மரங்கள் நின்றது நின்றபடியே கீழே இறங்கின. ஒரு நிமிஷம் எல்லாம் நேராக, வரிசையாக, படியோடு இறங்கின. பிறகு மண் மடிந்து, மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பாறை எங்கள் காலடியில் அதிர்ந்தது. லயத்தின் ஓடுகள் நொறுங்கியது கேட்டது. புழுதி எழவில்லை. ஈரமண் வாசனை மட்டும் மூக்கில் அடைத்தது. அடங்கினபோது பன்னிரண்டு வீட்டில் ஓரத்து வீடுகள் இரண்டு நின்றன. இரண்டு ஆடும் கொஞ்சம் கோழியும் போயின. மனுஷ உயிர் ஒன்றும் போகவில்லை.

கங்காணி என் காலைத் தொட வந்தார். ஞானப்பூவின் புருஷன் காய்ச்சல் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் என்னைக் கடவுள் அனுப்பினார் என்றார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நான் அடைத்த ஓடைதான் அவர்கள் வீட்டைக் கொண்டுபோனது. அவர்கள் என்னைக் கும்பிடுகிறார்கள். என் ஜென்மத்தில் அந்த மாதிரி கூசிப்போனதில்லை.

சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டு, ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது என்றார். ‘மிதமிஞ்சிய மழை, சூப்பர்வைசரின் கவனத்தால் உயிர்ச்சேதம் இல்லை.’ ஓடையைப் பற்றி ஒரு வரி இல்லை. “நீ சின்னப் பையன். இது ரெண்டு பேருக்கும் நல்லது” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அறையில் பட்டாளத்துக்காரர் சாயாவை நீட்டிவிட்டு, “என்னவே, பேய் அடிச்ச மாதிரி இருக்கேரு?” என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “நாளைக்கு வேற நம்பர்ல ஓடை வெட்டணும், அடைக்கணும்னு நீருதானே அவியகிட்ட சொல்லுவேரு? அப்ப அவிய உம்மைக் கண்ணை மூடிட்டு நம்பணுமா, நடந்ததைத் தெரிஞ்சு பாத்து நடக்கணுமா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பிரட்டு. லயத்தில் இருந்தவர்கள் பால் உறைய வைக்கிற கொட்டகையில் படுத்து எழுந்து வந்திருந்தார்கள். பெயர் கூப்பிடுமுன் சொன்னேன். “ஆறாம் நம்பர் மழையால மட்டும் எறங்கல்ல. மேலே உள்ள ஓடையை அடைச்சது நான். தண்ணியை உள்ள விட்டது நான். உங்க வீடு போனதுக்குக் காரணம் நான்தான்.” மானேஜர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். போகவில்லை, அது வேறு விஷயம்.

 கல்லை எடுத்து எறிவார்கள் என்று நினைத்தேன். முன்வரிசையில் நின்ற ஞானப்பூ என்னைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“அறியும் சாறே. பத்து நாளு மண்ணு சொமந்தது நாங்கதானே? முந்தி உள்ளவிய சும்மாவா ஓடை வெட்டியிருப்பினும்னு அப்பமே எங்களுக்குள்ள பேசினோம்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே.”

ஆஜர் நோட்டைத் திறந்தேன். முதல் பெயர் அவளுடையது.  “ஞானப்பூ அக்கா” என்று கூப்பிட்டேன். “உண்டு” என்றாள்.